காலண்டரில் எழுதிய கணக்கு

எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாதக் காலண்டர்தான் கணக்கு. பால் வாங்காத நாளில் ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதியில் ‘காஸ்’ என்று இரண்டெழுத்து. 5ஆம் தேதிக் கட்டத்தில் ‘சீட்டு’, 10ஆம் தேதியில் ‘வாடகை’. 20ஆம் தேதிக்கு மேல் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அங்கே எழுத ஒன்றும் இருக்காது, செலவழிக்கவும் ஒன்றும் இருக்காது. மாதம் முடிந்ததும் அம்மா அந்தத் தாளைக் கிழிக்க மாட்டார். மேலே மடித்துவிட்டு, பழைய தாளையும் புதிய தாளையும் மாறி மாறிப் பார்த்துப் பென்சிலால் சிலவற்றைக் குறிப்பார். அந்தப் பத்து நிமிடம் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம்.

வீட்டுச் செலவு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் தொகையைப் பற்றியே பேசுகின்றன. எதைக் குறைக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம், சம்பளத்தில் எத்தனை சதவீதம் சேமிக்கலாம் என்று பட்டியல் போடுகின்றன. அம்மாவின் காலண்டர் எனக்குச் சொன்ன பாடம் வேறு. பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்போது என்ற கேள்வி நிற்கிறது. வரவுக்கு ஒரு நாள் இருக்கிறது, செலவுக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாட்களும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கடன் பிறக்கிறது. சென்ற 150 ஆண்டுத் தமிழ்க் குடும்பங்களின் பொருளாதாரத்தைத் திரும்பிப் பார்த்தால், அது அந்த இடைவெளியைக் கடக்க மனிதர்கள் கட்டிய பாலங்களின் கதையாகவே தெரிகிறது.

நெல்லின் ஆண்டு

மாத பட்ஜெட் என்பது நமக்குப் புதிது. 19ஆம் நூற்றாண்டில் காவிரிப் படுகையில் வாழ்ந்த ஒரு குடியானவர் வீட்டுக்கு மாதம் என்பது பட்டத்தையும் பண்டிகையையும் சொல்லும் அளவு. வருமானத்தைச் சொல்லும் அளவு அல்ல. வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை, நீர் வாய்த்தால் இரு முறை, களத்தில் வந்து குவிந்தது. அங்கேயே அது பிரியவும் தொடங்கியது. அறுத்தவர்களுக்குக் கூலி நெல், தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் உரிய பங்கு, கோயிலுக்குரியது எல்லாம் போக மீதிதான் வீடு வந்து சேரும். அந்த மீதியை அடுத்த அறுவடை வரை நீட்டிக் கொண்டுபோவதற்குத்தான் குடும்பம் நடத்துவது என்று பெயர்.

அந்த வேலைக்கு இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று குதிர். மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய அந்தக் களஞ்சியத்தில் நெல் எந்த உறை வரை நிற்கிறது என்பதே வீட்டின் கையிருப்பு. எட்டிப் பார்த்தால் போதும், தை வரை தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும். மற்றொன்று விதைக்கோட்டை. விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து, புரி சுற்றி இறுக்கிக் கட்டி, சாணத்தால் மெழுகி எடுத்துவைப்பார்கள். ஒரு முறை கட்டிவிட்டால் அதைப் பிரிப்பது லேசான காரியமல்ல. பசி வரும் நாளில் கை அதன் பக்கம் போகக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது. மிஞ்சியதைச் சேமிப்பது அல்ல அந்த முறை. நாளைக்கு உரியதை முதலில் எடுத்துக் கட்டிவிட்டு, மீதியைச் சாப்பிடுவது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. குதிர் இருந்தது நிலம் இருந்தவர் வீட்டில். பண்ணையாளின் குடிசையில் குதிருக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. அன்று அளந்து கொடுத்த நெல் அன்று இரவோடு தீர்ந்தது. மழை பொய்த்த ஆண்டில் குதிர் வைத்திருந்தவரும் தப்பவில்லை. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் விதைக்கோட்டைகளையும் பிரிக்க வைத்தது. ஆண்டுக் கணக்கில் ஓடிய வாழ்க்கைக்கு அது பெரிய அபாயம்: ஒரு போகம் தவறினால் அடுத்த வருமானம் ஓராண்டு தொலைவில் இருக்கும்.

அந்த வாழ்க்கைக்குள் வேறொரு தேதியும் வந்து நுழைந்தது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரயத்துவாரி முறையில், உழுபவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டினார். காசாகக் கட்டினார், குறித்த நாளில் கட்டினார். அதற்குக் கிஸ்தி என்று பெயர். அந்தச் சொல்லுக்கே தவணை என்றுதான் பொருள். இன்றும் இந்தி பேசுபவர்கள் வங்கிக் கடனின் மாதத் தவணையை அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். விலை ஏறும்வரை நெல்லை வைத்திருக்கக் கிஸ்தி நாள் விடாது. ஊரே ஒரே நேரத்தில் விற்றது, விலை இறங்கியது. சில மாதம் கழித்து அதே நெல்லை ஏறிய விலைக்கு வாங்கவோ, வட்டிக்குப் பெறவோ நேர்ந்தது. நிலம் விளைவதற்கு ஒரு நாள், அரசு கேட்பதற்கு வேறொரு நாள். நடுவில் லேவாதேவிக்காரர் உட்கார்ந்தார்.

இந்த இடைவெளியைச் சென்னை மாகாண அரசு கவனிக்கத் தொடங்கியபோது, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாகப் பெரிய அறிக்கை ஒன்றை எழுதினார். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய சங்கங்களைப் போல இங்கும் ஊர் மக்களே சேர்ந்து கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்பு வேண்டும் என்பது அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் விவசாயக் கடன் சங்கம் உருவானது. வட்டிக்கடைக்குப் பதிலாக ஒரு பொதுப் பெட்டி. ஆண்டுக்கு ஒரு முறை வரும் வருமானத்துக்கும் அடிக்கடி வரும் தேவைக்கும் நடுவே போட்ட பாலங்களில் அது முக்கியமானது.

ஒன்றாம் தேதி

மாதம் நம் வீட்டுக்குள் வந்தது சம்பளத்தோடு. கச்சேரி குமாஸ்தா, ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர், பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளி என்று புதிய வகை மனிதர்கள் நகரத்தில் பெருகினார்கள். அவர்களுக்குக் களமும் இல்லை, குதிரும் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தின் ஓர் அறையில் ஓராண்டு நெல்லை எங்கே கொட்டி வைப்பது? அவர்களுடைய அறுவடை நாள் ஒன்றாம் தேதி. ஆண்டுக்கு 12 சிறிய அறுவடைகள். ஒவ்வொன்றும் 30 நாள் தாங்க வேண்டும்.

அந்தத் தேதியும் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஆலைகளில் கூலி தள்ளிப்போனது, அபராதம் என்ற பெயரில் பிடித்தம் நடந்தது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் தொழிலாளி கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் நின்றார். 1931இல் வெளியான தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷனின் அறிக்கை தொழிலாளியின் கடன்சுமையை விரிவாக எடுத்துரைத்தது. 1936இல் வந்த ஊதியம் வழங்கல் சட்டம் இரண்டு விஷயங்களை எழுதிவைத்தது. ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. 1,000 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் நாளுக்குள்ளும் மற்ற இடங்களில் 10ஆம் நாளுக்குள்ளும் சம்பளம் கைக்கு வர வேண்டும். வீட்டு பட்ஜெட் பற்றிப் பேசும் எவரும் இந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் மாத பட்ஜெட் என்ற ஒன்று சாத்தியமானதே இப்படி ஒரு தேதி உறுதியானதால்தான். வரும் நாள் தெரியாத பணத்துக்கு எந்தத் திட்டமும் போட முடியாது.

மாதச் சம்பளம் தனக்கென்று பாலங்களைக் கட்டிக்கொண்டது. முதலாவது, மளிகைக்கடைப் பற்று. துவரம்பருப்பு, புளி, மிளகாய் என்று லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் சாமான் வரும், பற்று நோட்டில் ஏறும், சம்பளத்தன்று தீரும். அதில் நம்பிக்கையும் இருந்தது, அடிமைத்தனமும் இருந்தது. பாக்கி வைத்தவர் விலையையோ எடையையோ கேள்வி கேட்க முடியாது. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்த அடிமைத்தனத்திலிருந்து நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு வழி காட்டியது. வாங்குபவர்களே கடைக்குச் சொந்தக்காரர்கள். நியாயமான விலை, சரியான எடை. திரூரில் உழுபவருக்கு ஒரு சங்கம், திருவல்லிக்கேணியில் உத்தியோகஸ்தருக்கு ஒரு சங்கம், இரண்டும் ஒரே ஆண்டில். ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தவரும் மாதக் கணக்கில் வாழ்ந்தவரும் ஒரே விடையைத்தான் கண்டார்கள்: தனி வீட்டால் தாங்க முடியாத இடைவெளியைப் பல வீடுகள் சேர்ந்து தாங்கலாம்.

அதே 1904இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் ‘ககேபோ’ என்ற வீட்டுக் கணக்கு நோட்டை அச்சிட்டு வெளியிட்டார். செலவானதை எழுதுவதோடு அது நிற்கவில்லை. மாதம் தொடங்கும் முன்பே எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, பிறகு நடந்ததோடு ஒப்பிட வேண்டும். விதைக்கோட்டையில் இருந்த அதே அறிவு இங்கே காகிதத்தில் இருந்தது. செலவுக் கணக்கு நேற்றைப் பற்றியது. பட்ஜெட் நாளையைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் ஆண்டுக்கணக்கில் செலவு எழுதிவருபவர்கள்கூட ‘எழுதி என்ன பயன்?’ என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது பாலம் சீட்டு. மாதச் சம்பளத்தின் பலவீனம், ஆண்டுக்கொரு முறை வரும் செலவை அதனால் தாங்க முடியாது என்பதுதான். தீபாவளி, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஊர்த் திருவிழா, ஒரு கல்யாணம் ஆகிய எதுவும் 30 நாள் சம்பளத்துக்குள் அடங்காது. 20 பேர் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் பெரிய தொகை சேரும். அவசரம் உள்ளவர் தள்ளி ஏலம் எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குக் கழிவாகப் பிரியும். வங்கிப் படியேறத் தயங்கிய பெண்களுக்கு இதுதான் வங்கி. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன தெருக்களும் இருந்தன. அதனால்தான் தமிழ்நாடு 1961இல் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களில் ஆடி ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தும் இப்படி ஒரு பாலமே. பலர் சேர்ந்து ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள்; அவர் ஆண்டுகள் பலவற்றில் ஒவ்வொருவருக்கும் திருப்பிச் செய்வார். மொய் நோட்டில் வட்டிக்கென்று தனி வரி கிடையாது.

தீபாவளி போனஸையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் பின்னாளில் குறைந்தபட்ச போனஸை ஆண்டு ஊதியத்தில் 8.33 சதவீதம் என்று வைத்தது. அது 12இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். மாதக் கணக்குக்கு மாறிய வாழ்க்கைக்குள் பழைய ஆண்டுக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது போலத்தான் அது இருக்கிறது.

நாள்கூலியும் சின்ன பாக்கெட்டும்

ஆண்டிலிருந்து மாதத்துக்கு எல்லாரும் மாறினார்கள் என்று நினைத்தால் பெரும்பான்மையான மக்களை மறந்தவர்களாவோம். கட்டட வேலை, வயல் வேலை, பூ வியாபாரம், சுமை தூக்குதல் என்று நாளுக்கு நாள் சம்பாதிப்பவர்களுக்கு ஒன்றாம் தேதியும் ஒன்றுதான், இருபத்தேழும் ஒன்றுதான். அவர்களுடைய பட்ஜெட் காலையில் தொடங்கி இரவில் முடிகிறது. எண்ணெயும் பருப்பும் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும். சில்லறையாக வாங்கும்போது விலை கூடுதல் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடியாக அறியப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். நாள்கூலி வாழ்க்கையின் நாடியைப் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். சந்தைக்குக் காலையில் பணம் கொடுத்து மாலையில் வட்டியோடு வாங்கிப்போகும் தண்டல்காரரும் அதே நாடியைப் பிடித்தவர்தான், வேறு நோக்கத்தோடு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசுவது நியாயமல்ல. வரவும் செலவும் ஒரே நாளுக்குள் அடைபட்டிருக்கும் வீட்டில் சிக்கனம் ஏற்கெனவே அதன் எல்லையில் நிற்கிறது. அங்கே பாலத்தை அரசும் சமூகமும்தான் கட்ட வேண்டும். தமிழ்நாடு அதை ஓரளவு கட்டியது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். போர்க்காலத்தில் வந்த ரேஷனையும் உணவுக் கட்டுப்பாடுகளையும் 1952இல் ராஜாஜி நீக்கினார். 15 ஆண்டுகள் கழித்து, அரிசித் தட்டுப்பாட்டின் நடுவே, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. வெற்றிக்குப் பின் அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் படி அரிசியைத் தொடங்கியது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி என்று அது வளர்ந்தது. பள்ளியில் போட்ட மதியச் சோறும் வீட்டு பட்ஜெட்டின் ஒரு வரிதான். ஒரு பிள்ளையின் ஒரு வேளையை அது அம்மாவின் கணக்கிலிருந்து எடுத்துப் பொதுக் கணக்கில் எழுதியது.

இதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போகிறது. 1999-2000இல் இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் 59 சதவீதத்துக்கு மேல் உணவுக்குப் போனது. 2022-23இல் அது சுமார் 46 சதவீதம். அதற்குள் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே 2022-23 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். நாட்டின் கிராமச் சராசரி 3,773. குதிரில் நெல் எந்த உறை வரை இருக்கிறது என்று எட்டிப் பார்த்த கவலை பெருமளவு நீங்கியிருக்கிறது. நம் முன்னோர்கள் யாருக்கும் கிடைக்காத ஆறுதல் அது. அப்படியிருந்தும் மாதக் கடைசி ஏன் இன்னும் கடினமாக இருக்கிறது?

கணமும் இருபது ஆண்டும்

ஏனென்றால் காலம் மறுபடியும் மாறிவிட்டது. இந்த முறை இரண்டு பக்கமும் மாறியிருக்கிறது.

ஒரு பக்கம் செலவு கணத்துக்குச் சுருங்கியது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி 16 அணா ரூபாய் 100 நயா பைசாவாக மாறியபோது, அணாவைப் பைசாவாக்கித்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தில் ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு காசையும் ஒரு முறை மனதில் எண்ணியாக வேண்டும். 2016இல் யு.பி.ஐ. வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் அதன் வழியாக நடந்தன. டீக்கடையில் 12 ரூபாய் செலுத்தவும் கைபேசி போதும் என்பது பெரிய வசதி. பூக்கார அம்மாவுக்கும் அது நல்லதே செய்திருக்கிறது. ஆனால் பர்ஸில் நோட்டு குறைவதைக் கண் பார்த்த காலம் போய்விட்டது. குதிரின் மட்டத்தை எட்டிப் பார்க்க ஒரு சாளரம் இருந்தது. இப்போது கணக்கில் எவ்வளவு மீதி என்பது நாமாகத் தேடித் திறந்தால்தான் தெரியும்.

மறுபக்கம் செலவு ஆண்டுகளுக்கு நீண்டது. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 26,000 ரூபாய் கட்ட வேண்டும். 240 மாதங்களில் கட்டி முடிப்பது 62 லட்சத்துக்கு மேல். இன்று கையெழுத்துப் போடுபவர் இன்னும் பிறக்காத 240 ஒன்றாம் தேதிகளைச் செலவழித்துவிடுகிறார். தலைக்கு மேல் கூரைக்காக அதைச் செய்வதில் நியாயம் உண்டு. கைபேசிக்கும் சோபாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் அப்படிச் செய்வது வேறு விஷயம். ரயத்து ஒருவர் கிஸ்தி நாளைப் பார்த்துப் பயந்தார். அதை அவர் கேட்டு வாங்கவில்லை. இன்று நாமே விண்ணப்பம் போட்டுக் கிஸ்தி நாளை வாங்கிக்கொள்கிறோம். 2022-23இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. நாளைய அறுவடையை இன்றே தின்னும் வீடுகள் பெருகுகின்றன என்பதைத் தவிர இதற்கு நான் வேறு பொருள் காணவில்லை.

யார் கையில் கணக்கு

இந்தக் கதை முழுவதிலும் ஒருவர் பெயரில்லாமல் நிற்கிறார். குதிரின் மட்டம் பார்த்தவர், பற்று நோட்டைச் சரிபார்த்தவர், சீட்டுக்கட்டியவர், மாதக் கடைசியில் ரசத்தை நீட்டியவர் எல்லாரும் பெண்கள். அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் அவர்கள் ஒளித்த காசு பேராசையால் சேர்ந்ததல்ல. அது வீட்டின் விதைக்கோட்டை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, ஆண்டுக்கணக்கில் சேர்த்த அந்தக் காசைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் எடுத்துக் காட்ட வேண்டிய நிலை பல வீடுகளில் பெண்களுக்கு வந்தது. ஒளிக்க வேண்டியிருந்தது என்பதே அந்த வீடுகளைப் பற்றிய பெரிய செய்தி. மாதத்தை ஓட்டும் பொறுப்பு அவருடையது. பெரிய தொகையை முடிவு செய்யும் உரிமை இன்னொருவருடையது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைச் சென்றடைந்தபோது, அதன் பெயரில் ‘உரிமைத் தொகை’ என்ற சொல் இருந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். தொகை சிறிதுதான். கூலி இல்லாத உழைப்புக்கு உரிமை என்ற சொல் பொருந்தும் என்று ஓர் அரசு எழுதியது சிறிதல்ல.

ஆகவே இந்த நீண்ட வரலாற்றிலிருந்து இன்றைய வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, ஆண்டுச் செலவுகளை மாதத்துக்குள் கொண்டுவருவது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் பள்ளிக் கட்டணம் 36,000, தீபாவளி 15,000, காப்பீடு 12,000, வண்டிச் செலவு 6,000, மொய்யும் திருவிழாவும் 9,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 78,000, மாதத்துக்கு 6,500. இவை திடீர்ச் செலவுகள் அல்ல. தேதி தெரிந்த செலவுகள். சம்பளம் வந்த அன்றே அந்த 6,500 தனிக் கணக்குக்குப் போய்விட்டால் ஜூன் மாதத்தில் நகை அடகுக்குப் போகாது. மாதக் கடைசியில் மிஞ்சினால் எடுத்துவைக்கலாம் என்று காத்திருந்தால் ஒருபோதும் மிஞ்சாது. விதைநெல்லைக் களத்திலேயே பிரித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

இரண்டாவது, எந்தத் தவணையை ஏற்கும் முன்பும் மாதத் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது எத்தனை ஒன்றாம் தேதிகளை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணுவது. 2,000 ரூபாய்தானே என்று தோன்றுவது, 24 மாதம் என்று எண்ணும்போது வேறு முகம் காட்டும்.

மூன்றாவது, கணக்கை ஒருவர் தலையிலிருந்து இறக்கி வீட்டின் நடுவே வைப்பது. மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், கணவரும் மனைவியும் விவரம் தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். ஒளித்துச் சேர்க்க வேண்டிய தேவை அங்கே மெல்ல மறையும். வீட்டின் வரவு தெரிந்த பிள்ளை கேட்பதைக் கேட்கும், ஆனால் நேரம் பார்த்துக் கேட்கும்.

இவை வீடு செய்ய வேண்டியவை. இதே கணக்கில் வெளியே இருப்பவர்களின் பங்கும் உண்டு. சொன்ன தேதியில் சம்பளம் தராத முதலாளி தன் தொழிலாளியின் வீட்டு பட்ஜெட்டில் கை வைக்கிறார். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கூலியை 15 நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதியது. அந்த நாள் தவறிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் தண்டல்காரரைத் தேடிப் போயிருப்பார். ஒரே நோய் ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பைக் கரைக்கும் நிலை இருக்கும்வரை சிக்கனத்தைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு முழுமையாக வராது. திரூரும் திருவல்லிக்கேணியும் 1904இல் கண்டது இன்றும் மாறவில்லை.

அம்மாவிடம் பின்னாளில் ஒரு முறை கேட்டேன், மாதக் கடைசியில் அந்தக் காலண்டரில் அப்படி என்ன பார்ப்பார் என்று. பழைய தாளில் பார்த்தது கொஞ்சம்தான் என்றார். பார்த்ததெல்லாம் வரப்போகும் தாளைத்தான்: எந்தக் கட்டத்தில் யாருடைய பிறந்தநாள், எந்த வாரத்தில் பரீட்சைக் கட்டணம், தாத்தாவின் திதி எப்போது, சிலிண்டர் எப்போது தீரும் என்று. இன்னும் ஒரு ரூபாயும் வராத மாதத்தில் எங்கள் ஒவ்வொருவரின் தேவையும் அவர் பென்சிலால் அதற்குரிய கட்டத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவர்தான். அந்தத் தாளில் எல்லாருடைய நாளும் இருந்தது. அவருடைய நாள் என்று ஒரு கட்டம் இல்லை. அடுத்த மாதத் தாளை நாம் சேர்ந்து உட்கார்ந்து எழுதும்போது, முதலில் அந்தக் கட்டத்தை நிரப்புவோம்.